மேய்ப்பன் தோளில் வெள்ளாடு

எழுத்து சரியாக இருந்து படம் தவறாக இருந்தால், பொய் சொல்வது எது: எழுத்தா, படமா?

சமூகவியலில் பட்டம் பெற்ற என்னிடம் இந்தக் கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டதில்லை. குருபோங் தொழிற்பேட்டையில் பேனரும் ஸ்டிக்கரும் அடிக்கும் ஒரு கடைக்காரர்தான் கேட்க வைத்தார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அறிந்தவர்கள் அவருடைய தம்பியும் அடையாள அட்டை அலுவலகமும் மட்டுமே. மற்ற எல்லோருக்கும் அவர் அவாஸ் அங்கிள். மலாக்கா மாநிலத்தில் அவருடைய முன்னறிவிப்பின்றி எவரும் வழுக்கி விழுந்ததில்லை என்று துணிந்து சொல்வேன்.

அவாஸ் என்றால் மலாயில் ‘கவனம்’. தரை ஈரம், மேலே மின்கம்பி, பின்னால் ஃபோர்க்லிஃப்ட், கையை உள்ளே விடாதே என்று தொழிற்சாலைகளில் மஞ்சளும் கறுப்புமாகத் தொங்கும் பலகைகளில் பெரும்பாலானவை அவர் கடையில் பிறந்தவை. நாற்பது ஆண்டுகள் அந்த ஒரு சொல்லையே வெட்டி ஒட்டிய மனிதருக்கு வேறு முகமன் மறந்துபோயிருந்தது. தேநீரை நீட்டும்போதும் அவாஸ் என்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி அவர் சொல்லும் வாழ்த்தும் அதுவே. சாலைப்பணியாளர் அணியும் ஒளி திருப்பும் மேலங்கியை அவர் எங்கும் கழற்றியதில்லை. மணமக்கள் இருவரும் நிழலாகவும் அவர் ஒருவர் மட்டும் சூரியனாகவும் தெரியும் புகைப்படங்கள் எங்கள் ஊரான பாச்சாங்கில் பல வீடுகளின் கூடத்தை அலங்கரிக்கின்றன.

தொழிலில் அவருக்கு ஒரு கட்டளை இருந்தது. எந்தப் பலகையும் மூன்று வினாடிக்குள் புரிய வேண்டும். புதிதாக ஒன்று அடித்தால் அதைக் கடை வாசலில் மாட்டிவிட்டு, முதலில் கடந்துபோகும் மோட்டார்காரரைத் துரத்திப் பிடித்து நிறுத்தி, என்ன பார்த்தாய் என்று கேட்பார். அவர் விழித்தால் பலகை குப்பைக்குப் போகும். இந்தப் பரீட்சைக்குப் பயந்து வேறு பாதையில் வேலைக்குப் போன நேப்பாளத் தொழிலாளர்களை எனக்குத் தெரியும்.

“படம் கண்ண நிறுத்தணும், எழுத்து கால நிறுத்தணும். ஒண்ணு மட்டும் இருந்தா ஆளு போய்க்கிட்டேதான் இருப்பான் லா” என்பது அவருடைய சித்தாந்தம். பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் என்று ஒரு பருவம் முழுக்க எனக்குக் கற்பித்ததை அவர் இரண்டு வாக்கியங்களில் முடித்திருந்தார்.

இனி எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாச்சாங்கில் ஒரு மூலை மனையில் நிற்கும் சிறிய தமிழ் ஆலயம் அது. ஒரு காலத்தில் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டங்களில் இருந்த குடும்பங்கள், இன்று தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவர்கள், ஞாயிறுதோறும் கூடுகிறோம். பிழையின்றித் தமிழில் கடிதம் எழுதத் தெரிந்த குற்றத்திற்காக என்னைச் சபைக்குழுவின் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். குழுவின் தலைவர் எங்கள் மூப்பர். ஓய்வுபெற்ற காப்புறுதி முகவரான அவர், வரக்கூடிய எல்லா ஆபத்துகளையும் வருவதற்கு முன்பே கணித்துவிடுவார்.

மழை பெய்தால் ஆலய வாசற்படி வழுக்குகிறது என்று ஒரே ஒரு பலகைக்குத்தான் அவாஸ் அங்கிளிடம் சொல்லி அனுப்பினேன். ஒரு சனிக்கிழமை வந்து அதை மாட்டியவர், கேட்காத நான்கையும் சேர்த்து மாட்டிவிட்டுப் போனார்.

தலைவாசலில் மஞ்சள் முக்கோணம். அதில் முழங்காலிட்ட ஒரு மனிதன். கீழே, “கவனம்: உள்ளே மன்னிப்பு நடக்கிறது.” ஞானஸ்நானத் தொட்டியின் பக்கவாட்டில் நீல வட்டம்: “ஆழம் மூன்று அடி. இறங்குகிற ஆள் வேறு, ஏறுகிற ஆள் வேறு.” காணிக்கைப் பெட்டியின்மேல், கண்ணைத் துணியால் கட்டிக்கொண்ட ஓர் இடது கை, கைக்கு ஏது கண் என்று எவரும் கேட்கவில்லை, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற வசனம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வெளியேறும் கதவுக்குமேல், பச்சை நிறத்தில் ஓடும் மனிதன்: “வெளியே உலகம். பாதுகாப்புக் கவசம் அணியவும்.”

இது ஆலயமா, ஆலையா என்று மூப்பர் கேட்டார். எங்கள் பாஸ்டருக்கு வேறு கவலை. இளைஞர், சிந்திக்கிறவர், படம் வந்தால் மக்கள் படத்தோடு நின்றுவிடுவார்களே என்று அஞ்சினார். அவாஸ் அங்கிள் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்ன பதிலை நான் அன்றே குறித்துவைத்தேன்.

“படம் மட்டும் வச்சா நம்ம சனங்க ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிரும் பாஸ்டர். எழுத்து மட்டும் வச்சா படிக்காமயே போயிரும். ரெண்டையும் சேத்து வைங்க, என்னமோ நமக்குத்தான் சொல்றான்னு நிக்கும்.”

நின்றார்கள். மனைவியை ஆலயத்தில் இறக்கிவிட்டு, கேட்டுக்கு வெளியே மோட்டாரிலேயே அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் ஓர் இந்துக் கணவர் எங்களுக்கு நெடுநாளாகப் பழக்கம். அவர் முதன்முறையாக இறங்கி வந்து மஞ்சள் முக்கோணத்தைப் படித்தார். பிறகு மனைவியிடம், இந்த மன்னிப்புக்கு முன்பதிவு ஏதும் வேண்டுமா, ஃபாரம் பூர்த்தி செய்ய வேண்டுமா என்று விசாரித்தார். ஏழு ஆண்டுப் பிரசங்கத்தில் நடக்காதது அது.

விபத்துகளும் உண்டு. ஜெப அறைக்கென்று அவர் அடித்த பலகையில், மூட்டையின்கீழ் வளைந்த ஒரு மனிதனும், “சுமையோடு வருகிறவர்கள் இங்கே இறக்கி வைக்கவும்” என்ற எழுத்தும் இருந்தன. அது மாறிப்போய் ஒரு தொழிற்சாலையின் லோரி ஏற்றும் மேடைக்குச் சென்றது. அந்த மேடைக்குரிய மின்பெட்டியில் ஒட்ட வேண்டிய “அபாயம், உயர் அழுத்தம், தொடாதே” எங்களிடம் வந்தது. எங்கள் தொண்டர் ஒருவர் வாசித்துப் பார்க்காமல் அதைப் பிரசங்க மேடையில் ஒட்டிவிட்டார். அன்று பாஸ்டர் மேடையில் கை வைக்காமலே பேசி, வழக்கத்தைவிட இருபது நிமிடம் முன்னதாக முடித்தார். தொழிற்சாலைக்காரர்களோ தங்கள் பலகை மிகப் பொருத்தம் என்று சொல்லி இன்னும் இரண்டு கேட்டார்கள். மாற்றித் தரும்படி நான் கேட்டபோது, இரண்டு இடத்திலும் சரியாகத்தானே வேலை செய்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று அவாஸ் அங்கிள் என்னையே திருப்பிக் கேட்டார்.

இதுவரை சிரிப்பு. இனி எழுதப்போவதை எங்கள் சபையில் சிலர் விரும்பமாட்டார்கள். விரும்பாமல் இருக்கட்டும்.

அவாஸ் அங்கிளுக்கு ஒரே ஒரு தம்பி, சவரி. போதைப்பொருள் வழக்கில் சில ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். கூட்டிவரப் போனவர் அண்ணன் ஒருவர்தான். கடையின் பின்பக்கம் ஓர் அறையில் தங்கி, வெட்டிய ஸ்டிக்கரில் வேண்டாத பகுதியை ஊசியால் உரித்தெடுக்கும் வேலையைச் செய்தார். பொறுமை வேண்டிய வேலை அது. ‘ஆ’ என்ற எழுத்தின் சுழிக்குள் இருக்கும் துணுக்கை எடுக்கும்போது மூச்சையும் பிடித்துக்கொள்வார். ஞாயிறன்று முழுக்கைச் சட்டையின் பொத்தான்களை மணிக்கட்டுவரை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார். யாரோடும் பேசமாட்டார். நாங்களும் பேசவில்லை.

இரண்டாம் மாதம், ஜெப நேரத்தில் சுசிலா ஆன்ட்டியின் கைப்பை காணாமல் போயிற்று. மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்க்கும் ஆன்ட்டிக்குச் சபையில் எல்லோரையும் அதட்டும் உரிமை உண்டு. ஜெபத்தில் அனைவரும் கண்ணை மூடியிருந்ததால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் கண்ணைத் திறந்தபோது அனைவரும் ஒரே திசையில் திறந்தோம். சவரி யாரும் கேட்காமலே எழுந்து தம் காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். கைக்குட்டை ஒன்று, வீட்டுச் சாவி ஒன்று. அந்தப் பையை எடுத்தவர் யார் என்பது இன்றுவரை தெரியாது.

குழு கூடியது. மூப்பர் ஆபத்துகளை விவரித்தார். குடும்பங்கள் வருவதை நிறுத்தலாம், பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பாமல் இருக்கலாம், நாளைக்கு வேறொன்று போனால் யார் பொறுப்பு. நானும் இரண்டு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்த்தேன். அப்படிப் பார்ப்பதற்குத்தானே படித்தேன். ஒருவருடைய மனவருத்தம் ஒரு பக்கம், நூறு பேருடைய நிம்மதி மறுபக்கம் என்று தராசு சாய்ந்தது. கடிதத்தை நானே எழுதினேன். “சபையாரின் நலனைக் கருத்திற்கொண்டு, தாங்கள் தற்காலிகமாக ஆலய முகப்பில் அமர்ந்து ஆராதனையில் பங்குபெறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.” ‘அன்புடன்’ என்பதை யாரும் சொல்லாமல் நானாகவே சேர்த்தேன். முகப்பில் ஓர் ஒலிபெருக்கியும் ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியும் போட ஏற்பாடாயிற்று.

கடிதத்தைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பி வாசித்துவிட்டு அண்ணனிடம் நீட்டினார். அவாஸ் அங்கிள் சண்டை போடுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கடிதத்தை நிதானமாக மடித்தார்.

“‘தற்காலிகமா’ன்னு போட்டிருக்கீங்களே செக்ரட்டரிமா, எந்தத் தேதி வரைக்கும்?”

அதைக் குழு முடிவு செய்யும் என்றேன்.

“ரோட்டுல பள்ளம் தோண்டுனாக்கூட போர்டுல முடியிற தேதி போடணும். இல்லன்னா நகராட்சிக்காரன் பாஸ் பண்ணமாட்டான்.”

அந்த ஞாயிறு முதல் சவரி முகப்பில் உட்கார்ந்தார். அவாஸ் அங்கிளும் தமக்கு நாற்காலி வேண்டாமென்று தம்பியின் பக்கத்தில் தூணில் சாய்ந்து நின்றார். உள்ளே நாங்கள் பாடும் பாட்டு ஒலிபெருக்கிக்குப் போய், அதைக் கேட்டு அவர் பாடுவதால், சவரியின் குரல் எப்போதும் எங்களுக்கு அரை வரி பின்னால் வந்தது. நாங்கள் ஆமென் சொல்லி நிறுத்திய பிறகு வெளியே ஓர் ஆமென் தனியாகக் கேட்கும். அதை முதலில் கேட்டவுடன் நான் குனிந்து பாட்டுப் புத்தகத்தைத் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது.

நாலாவது வாரம் இன்னொன்றும் நடந்தது. ஆராதனை முடியும் நேரத்தில் இரண்டு பேர் மோட்டாரில் வந்து கேட்டருகே நிற்கத் தொடங்கினார்கள். சவரியின் பழைய கூட்டாளிகள். வா என்று அழைக்கவில்லை; பிளாஸ்டிக் பையில் கட்டிய, ஆவி பறக்கும் காப்பியை நீட்டி, நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் ஒரு முறைகூட அவருக்குக் காப்பி நீட்டியதில்லை. அந்த நீல நாற்காலி இன்னும் எத்தனை வாரம் அவரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதுதான் கேள்வி என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை.

உயிர்த்தெழுந்த திருநாளுக்காகச் சாலையோரச் சுவரில் வைக்க ஒரு பெரிய பேனரை, இந்தக் கடிதத்துக்கெல்லாம் முன்பே, அவாஸ் அங்கிளிடம் சொல்லியிருந்தோம். நல்ல மேய்ப்பன் படம், தோளில் அவர் தேடிக் கண்டுபிடித்த காணாமற்போன ஆடு. கீழே தமிழில் ஒரு வரி. திருநாளுக்கு முந்திய வாரம், ஒரு சனிக்கிழமை காலையில் பேனர் ஏறிவிட்டது என்று செய்தி வந்தது. அதைத் தொடர்ந்து மூப்பரிடமிருந்து ஏழு அழைப்புகள் வந்தன.

போய்ப் பார்த்தேன். பத்தடி உயர மேய்ப்பன், கருணை பொங்கும் முகம். தோளில், கரிய நிறத்தில், பின்னோக்கி வளைந்த கொம்பும் நீண்ட தாடியும் நக்கலான பார்வையுமாக ஒரு வெள்ளாட்டுக் கிடா. அது மேய்ப்பனின் முடியைத் தின்ன யோசிப்பதுபோல் இருந்தது. கீழே கொட்டை எழுத்தில்: “ஆடு கிடைத்தது.”

எதிர்வரிசையில் பூக்கடை வைத்திருக்கும் அண்ணன் என்னைக் கண்டதும் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், உண்மையான அக்கறையோடு கேட்டார். “உங்க கோயில்லயும் கெடா வெட்டா தங்கச்சி? என்னைக்குன்னு சொன்னீங்கன்னா பூ எடுத்து வச்சிருவேன்.” அவருக்கு விளக்கி முடிப்பதற்குள், ஒரு மலாய் லோரி ஓட்டுநர் வண்டியை ஓரம்கட்டி, கம்பிங் ஒன்று என்ன விலை என்று கேட்டார். கம்பிங் என்றால் மலாயில் வெள்ளாடு. எழுத்தில் குற்றமில்லை. வேதத்தின் உவமையை மூன்று வினாடியில் சொல்லும் எழுத்துதான். படம்தான் அதை ஆட்டுச் சந்தையாக்கியிருந்தது.

மூப்பரும் பாஸ்டரும் நானும் அன்று மதியமே குருபோங்குக்குப் போனோம். சவரி மேசையில் குனிந்து ஸ்டிக்கர் உரித்துக்கொண்டிருந்தார். அவாஸ் அங்கிள் தவறு எங்கே என்று உண்மையாகவே விளங்காமல் கணினியைத் திறந்து காட்டினார். படம் தேடும் இடத்தில் அவர் கம்பிங் என்று அடித்திருந்தார். ஆடு என்றால் மலாயில் கம்பிங்தானே என்றார்.

வேதத்தில் மேய்ப்பன் சுமப்பது செம்மறியாடு, அதற்கு மலாயில் பிரி-பிரி என்று வேறு சொல் இருக்கிறது என்று மூப்பர் எடுத்துரைத்தார். அங்கிள் அதை ஆர்வத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். தமிழில் ஆடு என்று ஒரே சொல்லாக இருப்பதால் வந்த வினை என்று நானும் சமாதானமாகச் சொன்னேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் படத்தை மாற்ற ஒப்புக்கொள்ளும் நிலையில்தான் இருந்தார். ஆனால் மூப்பருக்குப் போதிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்துவிட்டது.

“சாதாரணத் தப்பில்ல இது. கடைசி நாளு நியாயத்தீர்ப்புல ஆண்டவர் சனங்கள ரெண்டாப் பிரிப்பாருன்னு வேதத்துல இருக்கு. செம்மறி வலது பக்கம், வெள்ளாடு இடது பக்கம். இடது பக்கம் போறதை எல்லாம் வெளிய தள்ளிடுவாங்க. அதைப் போயி ஆண்டவர் தோள்ல வைக்கலாமா?”

அவாஸ் அங்கிள் பேனாவை வைத்தார். “வெளியவா?”

“வெளியதான்.”

“எதுக்கு மூப்பரே? அதுங்க என்ன தப்பு பண்ணுச்சு?”

மூப்பருக்கு அந்தப் பகுதி மனப்பாடம். விரல் விட்டுச் சொல்லத் தொடங்கினார். பசியாய் இருந்தவனுக்கு அவை சாப்பாடு போடவில்லை. தாகமாய் இருந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. அந்நியனாய் வந்தவனை உள்ளே சேர்க்கவில்லை. உடுப்பில்லாதவனுக்கு உடுப்புத் தரவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகவில்லை. அடுத்த விரலை மடக்கும்போது அவருடைய குரல் தேய்ந்தது. சிறையில் இருந்தவனை, என்றார். மடக்கிய விரலை மெல்ல மறுபடி நீட்டினார்.

சவரி நிமிரவில்லை. ஊசி மட்டும் நின்றிருந்தது.

“என் தம்பி உள்ள இருந்தப்ப, நம்ம சபையில யாரு போயி பாத்தது?” என்று அவாஸ் அங்கிள் கேட்டார். குத்திக்காட்டும் தொனி அதில் இல்லை. பலகை என்ன அளவு, எத்தனை வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல் கேட்டார். பாஸ்டர் தரையைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய எச்சரிக்கைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

“அப்பன்னா நம்ம சபைதான் வெள்ளாடு. அந்தப் படம் நீங்க சொல்ற வரைக்கும் தப்பு. இப்ப சரியாயிருச்சு. எறக்கமாட்டேன்.”

மூப்பர் எழுந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆள் வைத்து இறக்கிவிடுவோம் என்றார்.

“எறக்குங்க. எழுத்த மட்டும் மாத்திருங்க மூப்பரே. ‘ஆடு கிடைத்தது, வாசல்லயே நிக்கட்டும்’னு போட்டுக்குங்க.”

மூவரும் ஒரே காரில் திரும்பினோம். முதலில் கேட்டேனே, பொய் சொல்வது எழுத்தா, படமா என்று. அது அந்தக் காரில் பிறந்த கேள்வி. அன்று எனக்குக் கிடைத்த விடை எனக்குப் பிடிக்கவில்லை. படத்தில் பொய்யில்லை. எழுத்திலும் இல்லை. பொய்யை நான் என் கையால், பிழையில்லாத தமிழில், ‘அன்புடன்’ சேர்த்து எழுதியிருந்தேன்.

ஞாயிறு காலை நான் போனபோது ஆலயத்தின் முன் ஒரு கூட்டமே நின்றது. ஒருவரும் உள்ளே போகவில்லை. தலைவாசல் கதவில் புதிய பலகை. தொழிற்சாலைகளில் அனுமதி பெற்றவர்கள் மட்டும் என்று வைப்பார்களே, அதே சிவப்பு, அதே அளவு. நடுவில், இந்த முறை பிசகாமல், சுருட்டை மயிர் உள்ள வெள்ளைச் செம்மறி. கீழே, “செம்மறிகளுக்கு மட்டும் அனுமதி.” பக்கத்தில் ஓர் அம்புக்குறி சவரியின் நீல நாற்காலியைக் காட்டியது: “வெள்ளாடுகள் இங்கே.”

அவருடைய பலகைகளுக்குக் கீழ்ப்படிந்து பழகிய சபை அது. தரை ஈரம் என்றால் காலைப் பார்த்து வைப்போம். தொடாதே என்றால் பாஸ்டரே தொடமாட்டார். இப்போது அந்தக் கதவைத் தாண்ட வேண்டுமானால், நான் செம்மறி என்று நூறு பேர் முன்னிலையில் ஒருவர் தம்மைத் தாமே அறிவிக்க வேண்டியிருந்தது. வெயில் ஏறியது. பாஸ்டர் வந்தார், வாசித்தார், வேதப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராக வெள்ளாட்டுப் பக்கம் போய் நின்றார். அவாஸ் அங்கிள் தூணில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். அவருடைய மேலங்கி கண்ணைக் கூசச் செய்தது.

மூப்பர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். கதவுப் பிடியில் கை வைத்தார். அப்படியே நின்றார். மூன்று வினாடியைவிட நிச்சயம் அதிக நேரம் நின்றார்.

அப்போதுதான் சுசிலா ஆன்ட்டி குடையை மடக்கினார்.

“எனக்குக் காலு வலிக்குது. டேய் சவரி, எந்திரி. நீ இங்கன உக்காந்திருந்தா நான் எப்பிடிடா உள்ள போறது?”

சவரி எழுந்தார். “லெட்டர் இருக்கு ஆன்ட்டி” என்றார். அவர் எங்களிடம் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

“லெட்டரு கெடக்கு. இந்தா, இந்தப் பைய நீயே புடி. உன் கையில இருந்தா எவன் வந்து எடுப்பான்னு பாக்கறேன்.” புதிதாக வாங்கிய கைப்பையை அவருடைய மார்போடு சேர்த்துத் திணித்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன். மேடையில் பேசுவதுபோல் அத்தனை திருத்தமாகச் சொன்னேன்.

“வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் குடுங்க செக்ரட்டரிமா. தேதி போட்டு” என்றார் அவாஸ் அங்கிள்.

ஆராதனை முறைத் தாளின் பின்புறத்தில், ஒருவருடைய முதுகில் வைத்து எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் கதவுப் பலகையின் நான்கு திருகாணிகளையும் கழற்றினார். மூப்பரின் கை ஏற்கெனவே பிடியில் இருந்தபடியால், கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டிய கடமை அவர்மீது விழுந்தது. சுசிலா ஆன்ட்டி உள்ளே போனார், கைப்பையைக் குழந்தையைப்போல் அணைத்தபடி சவரி உள்ளே போனார், நாங்கள் எல்லோரும் உள்ளே போய் முடியும்வரை மூப்பர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். அன்று பாட்டு ஒரே சமயத்தில் முடிந்தது.

பேனர் இறங்கவில்லை. அந்தப் படம் தவறு என்றுதான் மூப்பர் இன்றும் வாதிடுகிறார், அதற்கு அவரிடம் நியாயமும் இருக்கிறது. ஆனால் மழையில் அதன் ஒரு மூலை பிய்ந்து தொங்கியபோது, ஏணி வைத்து ஏறிக் கட்டியவர் அவர்தான். கேட்டருகே காத்திருந்த மோட்டார்கள் சில வாரங்களில் வருவதை நிறுத்திக்கொண்டன. எவரையும் வெளியே அமரச் சொல்லும் கடிதம் சபையின் பெயரால் இனி எழுதப்படாது என்று குழு தீர்மானம் போட்டது. சவரி மூன்றாவது வரிசையில் உட்காருகிறார். மாதத்தில் ஒரு நாள் நாங்கள் ஆறு பேர் சிறையில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டு வருகிறோம். மூப்பரும் வருகிறார். அவாஸ் அங்கிள்தான் வேன் ஓட்டுகிறார். முன்னிருக்கையில், அவருக்கு இடப்பக்கம், வெள்ளாட்டுக்கு உரிய இடத்தில், நான் உட்காருகிறேன். அந்த இடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.